ஒன்பதாம் வகுப்பில் ஜூலியஸ் சீசர்: "எனக்கு வராது" என்கிறான், என்ன செய்யலாம்?

கோவை அம்மா | ஜூலை 8, இரவு 9.40

வணக்கம். மகன் ஒன்பதாம் வகுப்பு, ஐ.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத்தில் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகம். முதல் யூனிட் டெஸ்டில் 20-க்கு 7. மார்க்கை விட அவன் சொன்னதுதான் மனதைப் போட்டு அரிக்கிறது. "சிலருக்கு இது வரும்மா, எனக்கு வராது. கைடை மனப்பாடம் பண்ணிக்கிறேன், விட்டுடு" என்றான். போன வருடம் வரை நூலகப் புத்தகத்தைக் கையை விட்டு இறக்காத பையன்.

பள்ளியில் இந்த வருடம் குரோத் மைண்ட்செட் (திறமை முயற்சியால் வளரும் என்ற மனப்பாங்கு) என்று வாரத்துக்கு ஒரு பீரியட் வைத்திருக்கிறார்கள். "முடியாது" என்று சொல்லக் கூடாது, "இன்னும் முடியவில்லை" என்று சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். வகுப்புச் சுவரில் இதே நாடகத்திலிருந்து ஒரு வாசகத்தைப் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். "குறை நம் நட்சத்திரங்களில் இல்லை, நம்மிடமே இருக்கிறது" என்பது அதன் பொருள். மகன் அதைச் சொல்லிவிட்டு, "அப்படின்னா நான் ஏழு வாங்கினது என் குறைதானே?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் தமிழ் வழியில் படித்தவள். ஷேக்ஸ்பியரை அவனுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு ஆங்கிலம் கிடையாது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

ஈரோடு தந்தை | ஜூலை 8, இரவு 10.15

சகோதரி, என் பெரிய மகள் படித்தபோது பாடம் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன். வரிக்கு வரி இன்றைய ஆங்கிலத்தில் விளக்கம் போட்ட கைடு கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். 80 மார்க் தேர்வு, 20 மார்க் இன்டர்னல். கதை தெரிந்தால் பாஸ் நிச்சயம். ஒன்று மட்டும் எச்சரிக்கை. என் மகள் கதைச் சுருக்கத்தை மட்டும் நெட்டுருப் போட்டாள். பத்து வரியை எடுத்துக் கொடுத்து "இந்த இடத்தில் இவர் ஏன் இப்படிப் பேசுகிறார்" என்று கேட்ட கேள்விகளில் எல்லாம் திணறிவிட்டாள். அதற்கு என்ன வழி என்று எனக்கும் கடைசி வரை பிடிபடவில்லை. இளையவன் அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு போகிறான், அதனால் இந்த இழையைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

திருச்சி டீச்சர் | ஜூலை 9, காலை 6.20

அம்மா, நான் 31 வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சுவர் வாசகம். அதைப் பேசுகிறவன் காசியஸ், முதல் அங்கம் இரண்டாம் காட்சியில், புரூட்டஸிடம். சீசரைக் கொல்லும் சதிக்குள் புரூட்டஸை இழுக்க வேண்டும். "நாம் இப்படி அடங்கிக் கிடப்பதற்கு விதி காரணமில்லை, நாம்தான் காரணம்" என்று அவனுடைய ரோஷத்தைக் கிளப்பிவிடுகிறான். ஆள் பிடிக்கிற பேச்சு அது. அதை வெட்டியெடுத்துப் பிள்ளைகளுக்கு அறிவுரையாக ஒட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் மகன் அந்த வரியில் ஒரு குத்தலை உணர்ந்திருக்கிறான் பாருங்கள், அது சரியான வாசிப்பு. காசியஸ் குத்துவதற்காகத்தான் அதைச் சொன்னான். வேறு எதையும் தொடங்கும் முன் இதை அவனிடம் சொல்லுங்கள். ஏழு மார்க் வாங்கிய பையன் அந்த வரியைச் சரியாகக் கேட்டிருக்கிறான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது, அவன் நாடகத்தைக் கண்ணால் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வகுப்புகளில் அப்படித்தான் நடக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், ஆனால் நாவுக்கு வேலை கொடுப்பதில்லை. 1599-இல் லண்டனில் இந்த நாடகத்தைப் பார்க்க வந்தவர்கள் யார் கையிலும் புத்தகம் இல்லை. அச்சில் வந்ததே 1623-இல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து. காதுக்காக எழுதிய எழுத்து இது.

அதனால் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சி. கொல்லப்பட்ட சீசரின் உடல் முன்னால் அவருடைய நண்பன் ஆண்டனி பேசுகிறான். புரூட்டஸ் ஒரு "ஹானரபிள்" மனிதர் என்று அடுத்தடுத்து நாலு தடவை சொல்கிறான். நம் மேடைகளில் "மாண்புமிகு" என்ற சொல்லை எத்தனை விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்! அதே சொல்தான். முதல் தடவை உண்மையான மரியாதையோடு சொல்லச் சொல்லுங்கள், கூட்டம் முழுக்க அப்போது புரூட்டஸ் பக்கம். இரண்டாவது தடவைக்கு முன்னால் சீசர் தனக்கு உண்மையான நண்பன் என்கிறான். மூன்றாவதுக்கு முன்னால் ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதான் என்கிறான். நாலாவதுக்கு முன்னால் மூன்று முறை கிரீடத்தை நீட்டியும் சீசர் மறுத்ததை நினைவூட்டுகிறான். நாலாவது தடவையில் மட்டும் "ஷ்யூர்" என்று ஒரு குட்டிச் சொல் கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கும். அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று பையன் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லித்தர வேண்டாம், நானும் இங்கே எழுதவில்லை.

ஒவ்வொரு நாளும் போனில் பதிவு செய்யுங்கள். நாலாம் நாள் வந்ததும், முதல் நாள் பதிவையும் அன்றைய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். "இன்னும் முடியவில்லை" என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்களே, அந்த "இன்னும்" அவன் காதிலேயே விழும். என் வகுப்புகளில் நான் நம்பிச் செய்ததெல்லாம் இது ஒன்றுதான். ஒரு வரியை நேற்றைவிட இன்று நன்றாகச் சொல்ல முடிந்தது என்று பிள்ளை தானாக உணர வேண்டும். அதற்கு நாடகத்தைப் போல் வசதியான பாடம் வேறில்லை. கணக்கில் ஒரு விடை தப்பு என்றால் தப்பு. நாடக வரியைப் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கலாம், பத்தும் பத்து விதமாக இருக்கும், எல்லாமே ஒத்திகைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் "தௌ", "யூ" என்று இரண்டு உண்டு. இங்கிலாந்துப் பிள்ளைகளே இன்று இதில் தடுமாறுவார்கள். நம் பிள்ளைகளுக்கு இது நீ, நீங்கள். அதே முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் காசியஸ் நேருக்கு நேர் பேசும்போதெல்லாம் புரூட்டஸை "யூ" என்கிறான். புரூட்டஸ் வெளியே போனதும் தனியாக நின்று, "நீ நல்லவன்தான், ஆனாலும் உன்னை வளைக்கலாம்" என்ற பொருளில் பேசும் இடத்தில் "தௌ" வருகிறது. முகத்துக்கு நேரே நீங்கள், முதுகுக்குப் பின்னால் நீ! இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். உங்களுக்கு ஆங்கிலம் போதாது என்றீர்கள். இந்த இடத்துக்கு உங்கள் தமிழே போதும்.

கோவை அம்மா | ஜூலை 9, மதியம் 1.30

டீச்சர், கண் கலங்கிவிட்டது. இன்று மாலையே அந்தச் சுவர் வாசகத்தில் தொடங்குகிறேன்.

தரவுக்காரன் | ஜூலை 9, இரவு 8.05

கல்வி ஆய்வுத் தரவுகளோடு வேலை செய்பவன் நான். குரோத் மைண்ட்செட் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசப்படுவதால், தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும், இந்தக் கருத்தை முன்வைத்த கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து எளிதான புதிரையே கேட்டார்கள். கடினமான சுற்றில் தோற்ற பிறகு, முதலில் போட்ட அளவுக்குக்கூட அவர்களால் போட முடியவில்லை. "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள், மார்க்கும் கூடியது. இதுவரை சரி.

அதன்பின் இந்த எண்ணத்தைப் பள்ளிகளில் பாடமாக நடத்திப் பார்த்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2018-இல் அலசியபோது, சராசரிப் பலன் மிகச் சிறியதாகத்தான் தெரிந்தது. 2019-இல் நேச்சர் இதழில் வந்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி. மார்க்கில் பின்தங்கியிருந்தவர்களின் கிரேடு சராசரி 4-க்கு 0.1 அளவில் உயர்ந்தது. சிறிய உயர்வு, ஆனால் உண்மையான உயர்வு. சவாலான வேலையை எடுத்துக்கொள்வது சக மாணவர்களிடையே சாதாரணமாக இருந்த பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது.

சுவரில் அறிவுரை ஒட்டுவதில் சம்மதமில்லை என்று டீச்சர் சொல்வதோடு இது ஓரளவு ஒத்துப்போகிறது. நான் ஒன்று மட்டும் சேர்ப்பேன். "முயற்சி செய்தாயே, அது போதும்" என்று சும்மா தட்டிக்கொடுக்காதீர்கள். அதை டுவெக்கே தவறான புரிதல் என்று எழுதியிருக்கிறார். எந்த வழியில் முயன்றான், அது பலிக்காதபோது எதை மாற்றினான் என்று கேளுங்கள்.

பத்தாவது மாணவி | ஜூலை 10, மாலை 5.50

ஆன்ட்டி, நானும் சீசர்தான் படிக்கிறேன், பத்தாம் வகுப்பு. எனக்கும் முதலில் வரவே இல்லை. இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இதுதான்.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் சீசர், தான் துருவ நட்சத்திரம் போல அசையாதவன் என்று பெருமை பேசுவார். அதிலிருந்து இருபது வரிக்குள் முதல் குத்து விழுந்துவிடும். அப்புறம் புரூட்டஸ். காசியஸ் அவனிடம் மூன்று தடவை சரியான யோசனை சொல்கிறான். ஆண்டனியையும் சேர்த்துக் கொன்றுவிடலாம் என்கிறான் (அது நல்ல யோசனை என்று சொல்லவில்லை, அவர்கள் திட்டத்துக்குச் சரியானது). ஆண்டனியை இரங்கல் பேச்சு பேச விடாதே என்கிறான். கடைசிப் போருக்கு பிலிப்பை என்ற இடத்துக்கு நாம் போக வேண்டாம், எதிரி நம்மைத் தேடி வந்து களைக்கட்டும் என்கிறான். மூன்றையும் புரூட்டஸ் தள்ளிவிடுகிறான், மூன்றிலும் அடி வாங்குகிறான். முதல் இரண்டும் தப்பாகப் போன பிறகு மூன்றாவது தடவையாவது யோசிக்க வேண்டாமா? ஃபிக்ஸ்டு மைண்ட்செட் (திறமை மாறாது என்ற மனப்பாங்கு) என்றால் இவர்கள்தான் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தரவுக்காரன் | ஜூலை 10, இரவு 7.30

நல்ல கவனிப்பு, தங்கச்சி. ஆனால் சீசர் விஷயத்தில் மட்டும் மறுக்கிறேன். அவர் அங்கே தன் அறிவு வளராது என்று சொல்லவில்லை. நாடு கடத்தப்பட்ட ஒருவனுக்காகக் கெஞ்சுகிறார்கள், தீர்ப்பை மாற்றமாட்டேன் என்கிறார். அது ஆட்சியாளரின் பிடிவாதம். டுவெக் பேசுவது திறமை வளருமா என்பதைப் பற்றி. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் நாடகமும் சுருங்கும், அந்தக் கருத்தும் குழம்பும்.

பத்தாவது மாணவி | ஜூலை 10, இரவு 8.10

சரி அண்ணா, சீசரை எடுத்துவிடுகிறேன். புரூட்டஸை எடுக்க மாட்டேன். தன் மனது சுத்தம் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை, அதனால் தன் முடிவையும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறான். நல்லவனுக்கு வருகிற ஆபத்து அது என்று எனக்குத் தோன்றுகிறது.

திருச்சி டீச்சர் | ஜூலை 10, இரவு 9.00

மாணவி கண்ணு, உன் கடைசி இரண்டு வரியைப் பரீட்சையில் அப்படியே எழுது. மைண்ட்செட் என்ற சொல்லே அதற்குத் தேவைப்படவில்லை பார்.

மட்டக்களப்பான் | ஜூலை 12, காலை 11.25

எங்கட பக்கம் பாடசாலையில் "நாடகமும் அரங்கியலும்" என்று தனிப்பாடமே இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின பள்ளிக்கூடம், கூத்துக் களரி.

மட்டக்களப்பில் கூத்துப் பழகுவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிற ஆசிரியர்) தீர்மானித்துப் பாட்டைக் கொடுப்பது சட்டங்கொடுத்தல். பிறகு இரவிரவாகப் பழக்கம். ஆட்டம் ஓரளவு காலுக்கு வந்த பிறகுதான் சதங்கை அணிதல். அப்புறம் முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடிப் பார்க்கிற அடுக்குப் பார்த்தல். கடைசியில் அரங்கேற்றம். சின்ன வயதில் களரிக்கு வெளியே குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். பகலில் வயலில் நின்ற மனிதர் இரவில் ஒரே தாளக்கட்டை நாற்பது தரம் பிழைவிட்டு ஆடுவார். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அண்ணாவியார் "திரும்ப" என்பார், மத்தளம் திரும்பத் தொடங்கும். சதங்கை கட்டாத காலில் பிழை வருவது இயல்பு என்று ஊருக்கே தெரியும்.

அக்கா, உங்கட பிள்ளைக்குச் சட்டங்கொடுத்த கையோடு அரங்கேற்றம் வைத்து 20-க்கு 7 என்று போட்டுவிட்டார்கள். இடையில் இருக்கிற மாதங்களை வீட்டிலாவது கொடுங்கோ.

தமிழாசிரியர், நெல்லை | ஜூலை 13, இரவு 9.15

டீச்சர் சொன்ன நாப்பழக்கம் தமிழ் நாடகத்துக்கும் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தினம் காலையில் பாடும் "நீராருங் கடலுடுத்த" எங்கிருந்து வந்தது? 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் என்ற செய்யுள் நாடகத்தின் பாயிரத்திலிருந்து. எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். அந்த நாடகத்தின் வாசலில் தினம் நிற்கிற பிள்ளைகளில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. உள்ளே ஜீவகன் என்ற பாண்டிய மன்னனைப் புகழ்ந்து புகழ்ந்தே கவிழ்க்கும் குடிலன் என்ற அமைச்சன் இருக்கிறான். காசியஸையும் குடிலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இருவருமே விளங்குவார்கள். ஒருவன் ரோஷத்தைத் தொடுகிறான், மற்றவன் கர்வத்தைத் தடவிக்கொடுக்கிறான்.

கோவை அம்மாவின் மகனுக்குத் தமிழ் வாசிப்பு உண்டு என்றால், குடிலன் பேசும் ஒரு களத்தை (காட்சியை) அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு மொழியில் பிடிபட்டது இன்னொன்றிலும் கைகொடுக்கும்.

ஈரோடு தந்தை | ஜூலை 14, காலை 7.00

கைடு வாங்கச் சொன்னது நான்தான். இதையெல்லாம் படித்த பிறகு இளையவனை இப்போதே வாய்விட்டுப் படிக்க வைத்திருக்கிறேன். கோவை சகோதரி, அங்கே என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

கோவை அம்மா | ஆகஸ்ட் 17, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னியுங்கள், நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

சுவர் வாசகத்தைப் பற்றி டீச்சர் எழுதியதை அன்றே அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தான். "ஆமா, இவன் ஏத்தி விடுறான்" என்றான். ஒரு மாதத்தில் அவனாக அந்தப் புத்தகத்தைத் திறந்தது அன்றுதான்.

மொட்டை மாடியில் தினம் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம். முதல் நாள் பதிவில் நாலு வரியையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டான், மளிகை லிஸ்ட் படிப்பது போல இருந்தது. இரண்டாம் நாள் எரிச்சலில் பாதியில் இறங்கி வந்துவிட்டான். தரவுக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. "எதை மாத்திப் பார்த்தே?" என்று மட்டும் கேட்டேன். "எதையும் மாத்தல, சத்தமா சொன்னேன், அவ்வளவுதான்" என்றான். மூன்றாம் நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

நாலாம் நாள் என் மாமியார் துணி எடுக்க மாடிக்கு வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "ஏண்டா, இவன் கொன்னவனைப் புகழறானா, திட்டறானா?" என்று கேட்டார். பையன் அப்படியே நின்றுவிட்டான். "பாட்டி, எந்த இடத்துல உனக்கு அப்படித் தோணுச்சு?" என்றான். "கடைசியிலே, அந்தச் சொல்லுக்கு முன்னாடி சின்னதா ஒண்ணு சொன்னியே, அங்கே" என்றார். ஷ்யூர்! அன்று இரவு ஒன்பதரை வரை மாடியிலிருந்து அந்த ஒரு வரியே கேட்டுக்கொண்டிருந்தது. இறங்கி வந்ததும் முதல் நாள் பதிவையும் அன்றைய பதிவையும் போட்டுக் கேட்டான். "முதல்ல பேசினது யாரோ மாதிரி இருக்கு" என்றான். அதற்கு மேல் நானும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டாவது டெஸ்டில் 20-க்கு 11. இரண்டாம் அங்கத்தில் புரூட்டஸ் தனியாகப் பேசும் இடம் இன்னும் அவனுக்குப் பாறைதான், இரண்டு தடவை புத்தகத்தை வீசியிருக்கிறான். ஆனால் "எனக்கு வராது" என்பதை ஜூலைக்குப் பிறகு நான் கேட்கவில்லை. "இந்த இடம் வரல" என்கிறான். குடிலனையும் தொடங்கியிருக்கிறோம், அதில் நான் வாசிக்கிறேன், அவன் கேட்கிறான்.

மாணவி எழுதிய மூன்று யோசனைகளையும் காட்டினேன். நேற்று என்னிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டான், அதை டீச்சரிடம் கேட்கச் சொன்னான். "காசியஸ் மூணு தடவையும் சரியாத்தான் சொல்றான். புரூட்டஸ் மறுத்ததும் மூணு தடவையும் ஏன் விட்டுக்கொடுக்கிறான்? சதியை ஆரம்பிச்சதே அவன்தானே?"

திருச்சி டீச்சர் | ஆகஸ்ட் 18, காலை 6.05

அம்மா, முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மகனின் கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நாலாம் அங்கம் மூன்றாம் காட்சி, கூடாரத்துக்குள் இருவரும் சண்டை போடும் இடம். ஒரு கட்டத்தில் காசியஸ் தன் கத்தியை எடுத்து நீட்டி, நெஞ்சைத் திறந்து காட்டி, குத்து என்பான். அந்த இடத்தைக் காசியஸாக நின்று ஒரு வாரம் சொல்லிப் பார்க்கட்டும். புரூட்டஸாக நீங்கள் நில்லுங்கள், உங்களுக்கு வரும் வரிகளைத் தமிழிலேயே சொல்லலாம். அப்புறம் அவனுக்கு என்ன தோன்றியது என்று அவன் சொல்வதை இங்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.